ஓட்டுகிறவரின் காது

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கார்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். நானூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். காருக்கு எந்த ஸ்பீக்கர் போடலாம், ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு தடிமனான ஒயர் இழுக்க வேண்டும், பழைய கம்ப்யூட்டரில் எதை மாற்றினால் இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்துப் பேர் பத்து விதமாகப் பதில் சொல்வார்கள். கடைசியில் இருதயராஜின் குரல் பதிவு வரும். அதற்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

இருதயராஜுக்கு நாற்பத்தைந்து வயது. மயிலத்தில் ஒரு தனியார் கல்லூரியின் பஸ் ஷெட்டில் எலக்ட்ரீஷியன். இருபத்தாறு பஸ்களின் ஒயரிங் அவர் பொறுப்பு. காலையில் திண்டிவனத்தில் கல்லூரி பஸ்ஸில் ஏறுவார், சாயங்காலம் அதிலேயே வந்து இறங்குவார். அவரிடம் கார் இல்லை என்பது குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைப் பேச்சில் எடுப்பதில்லை.

அவர் சொல்லும் யோசனைகளில் முக்கால்வாசி, எதையும் வாங்காதே என்றுதான் முடியும். புதிதாக நாலு ஸ்பீக்கர் வாங்கப் புறப்பட்ட ஒருவரிடம், முதலில் கதவின் தகட்டை விரலால் தட்டிப் பார்க்கச் சொன்னார். தகர டப்பா போலச் சத்தம் வந்தால் எந்த ஸ்பீக்கர் போட்டாலும் டப்பாதான் பாடும், தகட்டுக்கு உள்பக்கம் ஒட்டும் தார் ஷீட்டை மட்டும் வாங்கி ஒட்டுங்கள் என்றார். ஓர் அச்சகக்காரரின் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று நின்றுகொண்டிருந்தது. மெமரி ஸ்டிக்கைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகச் சொன்னார். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அந்த அச்சகத்தில் இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவர் அவர்தான். ஒரு பொருளைப் பற்றி யோசனை கேட்கப்பட்டவர் அந்தப் பொருளைத் தனக்காக வாங்கக் கூடாது. முன்பு ஒருவர், விற்பனைக்கு வந்த அருமையான ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, யோசனை கேட்டவரிடம் ஸ்பீக்கரின் கூம்புக் காகிதம் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுநாள் தானே போய் வாங்கிக்கொண்டார். இருதயராஜ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். அந்த ஆள் இருதயராஜின் சொந்தச் சித்தப்பா மகன். இரண்டு குடும்பங்களுக்கும் இடையே இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

இருதயராஜ் கிளியனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் நாற்று நடவும், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கவும் கூலிக்குப் போனவர்கள். பத்தாவது முடித்ததும் விழுப்புரத்தில் லாரிகளுக்கு ஒயரிங் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். அங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எரிந்துபோன ஒயரை எடுத்துப் பார்த்து, எங்கே எரிய ஆரம்பித்தது, ஏன் அங்கே என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். இருதயராஜ் எரிந்த துண்டுகளைத் தேதி எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்துக்கொண்டார். ஆங்கிலக் கையேடுகளில் படத்தை மட்டும் பார்த்துக் கற்றார். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தையும் படித்தார்.

பத்தொன்பதாவது வயதில், ஒரு டாக்டரின் காரில் டேப் ரிக்கார்டரைச் சரிசெய்துவிட்டு, சரியாகப் பாடுகிறதா என்று பார்க்க ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அதுவரை அவர் கார்களில் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்திருந்தார். சாத்தியதும் பட்டறையின் சம்மட்டிச் சத்தம், ரோட்டின் ஹாரன் எல்லாம் தூரப் போய்விட்டன. ஒரு பெண் குரல் மட்டும் அவருக்கு முன்னால் பாடியது. இரண்டு அறை வீட்டில் ஏழு பேரோடு வளர்ந்தவருக்கு, தனக்கு மட்டும் என்று ஒரு சத்தம் இருக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கார் வேண்டும் என்று அவர் நினைக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஊர் சுற்றவோ பெருமைக்கோ அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார.

இருபத்தாறு வருஷத்தில் மூன்று முறை அவர் காருக்குப் பக்கத்தில் வந்தார். மூன்று முறையும் வீட்டில் வேறொன்று முந்திக்கொண்டது. அதற்காக அவர் யாரையும் நொந்துகொண்டதில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால், காயலான் கடையில் வாங்கிய இரண்டு கார்க் கதவுகளையும் ஒரு டேஷ்போர்டையும் மரச்சட்டத்தில் பொருத்தி, நடுவில் ஒரு பழைய பஸ் டிரைவர் சீட்டை வைத்திருந்தார். ஸ்பீக்கர்களைச் சோதிக்க என்று சொல்வார். அவர் மனைவி மெர்லின் தையல்காரி. "ஊருக்கெல்லாம் வண்டில எஞ்சின் இருக்கும், கதவு ஆடும். எங்க வீட்டு வண்டிக்கு எஞ்சின் ஒண்ணுதான் இல்ல" என்று துணி கொடுக்க வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

விழுப்புரத்தில் சக்கரபாணி என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பதினாலு வருஷத்துக்கு முன் ஒரு செடான் கார் வாங்கினார். காரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் பழைய வண்டிக்காரர்கள் விலையை ஏற்றிவிடுவார்கள் என்று குழுவில் சொல்கிறார்கள். கம்பெனி அந்த மாடலை இப்போது செய்வதில்லை. கனமான கதவுகள். சாத்தினால் 'டப்' என்று ஒரே ஒரு சத்தம், அதன் பிறகு அதிர்வே இல்லை. வாத்தியார் கிருத்திகை தோறும் அதில் மயிலம் கோவிலுக்கு வருவார். ஒரு தடவை மலையடிவாரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது, யாரோ கல்லூரி ஷெட்டிலிருந்து இருதயராஜைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டித் துடைத்து வண்டியைக் கிளப்பிவிட்டு, கதவைச் சாத்தும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டார். அப்புறம் இன்னொரு முறை திறந்து சாத்தினார்.

அதிலிருந்து ஏழு வருஷமாக அந்த வண்டியின் ஒயரிங்கை அவர்தான் கவனித்தார். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை, கோவில் பிரசாதம் தவிர. பெஞ்சல் புயலுக்கு முதல் நாள், வாத்தியாருக்குப் போன் செய்து, வண்டியை வீட்டு வாசலில் விடாதீர்கள், மேட்டில் இருக்கும் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள் என்று வற்புறுத்தியவர் அவர். மறுநாள் வாத்தியார் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தெருவில் நனையாத கார் அது ஒன்றுதான்.

இரண்டு முறை அவர் வாத்தியாரிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். "வண்டிய விக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க சார்." அவ்வளவுதான். எனக்கு என்று சொல்லவில்லை. இவர் ஏதோ பார்ட்டிக்காகக் கேட்கிறார் என்று வாத்தியார் எடுத்துக்கொண்டார். போன சித்திரையில் வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. இனிமேல் அவர் ஓட்ட மாட்டார் என்று தெரிந்ததும் இருதயராஜ் கல்லூரி ஊழியர் சங்கத்தில் கடனுக்கு எழுதிக் கொடுத்தார். ஆடி முடியக் கிடைத்துவிடும் என்றார்கள். மெர்லினுக்கும் புதுச்சேரியில் நர்சிங் படிக்கும் மகள் ஆரோக்கிய ஜெனித்துக்கும் மட்டும் சொல்லியிருந்தார். பணம் கைக்கு வந்த பிறகு வாத்தியார் வீட்டுக்குப் போகலாம், பணமில்லாமல் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று இருந்தார்.

ஆனி மாதக் கடைசியில், பெங்களூரில் இருக்கும் வாத்தியாரின் மகன் வண்டியைப் படம் எடுத்து இணையத்தில் விளம்பரம் போட்டுவிட்டான். அந்த விளம்பரத்தை முதலில் பார்த்தவர் எங்கள் குழுவில் உள்ள நெடுஞ்செழியன்.

நெடுஞ்செழியன் காணை என்ற ஊர்க்காரர். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். அவர் அம்மா கலையரசி கரும்பு வெட்டியும் களை எடுத்தும் மகனைப் படிக்க வைத்தவர். முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை. உயரமான வண்டியும் ஆகாது. அதனால் நெடுஞ்செழியன் தாழ்வான சீட்டோடு, குலுங்காத வண்டியாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர்கள் தெருவிலேயே அதுதான் முதல் காராக இருக்கப்போகிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷெட்டில் இருந்த இருதயராஜுக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வந்து ஒரு வண்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். விளம்பரப் படத்தையும் அனுப்பினார். "நீங்க வேணான்னா வேணாங்கண்ணா. மறு பேச்சில்ல."

இருதயராஜ் படத்தைப் பார்த்தார். நம்பர் பிளேட்டை மறைத்திருந்தார்கள். மறைத்தால் என்ன, வாத்தியாரின் வண்டியை அவருக்குத் தெரியாதா. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு மூன்று பஸ்களின் இண்டிகேட்டரைத் தப்பாக மாட்டி, மூன்றையும் திரும்பக் கழற்றி மாட்டியதாக அவரே சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் மெர்லின், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்றார்.

"வேணான்னு சொல்லிடுங்க. ஒரு வார்த்தை. அந்தத் தம்பி வேற வண்டி பாத்துக்கினு போகுது."

"ஏன் வேணான்னு கேப்பான்."

"பதினாலு வருஷத்து வண்டி. காரணத்துக்கா பஞ்சம்?"

"அடுத்த மாசம் அதே வண்டிய நான் ஓட்டிக்கினு போனா?"

"போனா போறீங்க. நீங்க ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கீங்களே, அது அந்த நானூறு பேருக்கு. எனக்கு யாராவது போட்டாங்களா? இருபது வருஷமா நானும் பஸ்லதான் போறேன்."

இருதயராஜ் போனைக் கையில் எடுத்தார். வாத்தியாருக்கு இப்போதே போன் செய்து, அது எனக்குத்தான் வேண்டும் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு முன்னால் என்றால் சொல்லியிருக்கலாம். நெடுஞ்செழியன் யோசனை கேட்டுவிட்டார். கேட்ட பிறகு செய்தால், சித்தப்பா மகன் செய்ததும் இதுவும் ஒன்றுதான்.

ஞாயிறு பூசை முடிந்து விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். வாத்தியார் வீட்டு வாசலில் வண்டி கழுவி நின்றது. நெடுஞ்செழியன் அம்மாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாத்தியார் கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார்.

இருதயராஜ் வண்டி பார்க்கும்போது யாரிடமும் பேச மாட்டார். ஏழு வருஷம் பழகிய வண்டியை முதல் தடவை பார்ப்பது போலவே பார்த்தார். சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து, அதில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பார்த்தார். தண்ணீரில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடியில் அந்தக் கோடு போகாது. மூழ்கவில்லை என்று எல்லோரையும்விட அவருக்குத் தெரியும், இருந்தும் நான்கு பெல்ட்டையும் இழுத்தார். கால்மிதி விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். இன்ஜின் நிற்கும்போதும் ஓடும்போதும் பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார். விளக்கு, ஏசி எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பார்த்தார். பின்பக்க இடது கதவில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்திருந்தது. முன் சஸ்பென்ஷனில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருந்தது. இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். பானெட்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய இடங்களைக் காட்டி, இவை எல்லாம் நான் செய்த வேலை, ஏதாவது தப்பு இருந்தால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று நெடுஞ்செழியனிடம் சொன்னார்.

அவருக்கு இந்த வண்டி ஏற்கெனவே தெரியும் என்பது நெடுஞ்செழியனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் வாத்தியார் கேட்டார்.

"ராஜு, இவரு நீ கொண்டாந்த பார்ட்டியா?"

"இல்ல சார். அவரா பாத்துக்கினு வந்தாரு."

"நீ ரெண்டு தரம் கேட்டியே, அந்தப் பார்ட்டி இன்னா ஆனாரு?"

இருதயராஜ் மீட்டரின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அவருக்கு இன்னும் தோது படலை சார்" என்றார்.

அதற்குள் கலையரசி தானாகப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் உட்கார்ந்து, பிறகு ஒரு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, அடுத்த காலையும் வைத்தார். முகத்தில் வலி இல்லை. கதவைச் சாத்திப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்கு இருதயராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

நெடுஞ்செழியன் அருகில் வந்து நின்றார். கேட்காமலே காத்திருந்தார். இருதயராஜ் இந்தச் சமயத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். புஷ்ஷைக் காட்டியிருக்கலாம், பதினாலு வருஷத்தைக் காட்டியிருக்கலாம். அவர் கையில் இருந்த துண்டுச் சீட்டில் இரண்டே வரிதான் இருந்தது. அந்த இரண்டு வரியையும் படித்துக் காட்டினார். இரண்டும் ஒரு நாள் வேலை என்றார்.

"எடுக்கலாமாண்ணா?"

"எடுக்கலாம்."

திண்டிவனத்துக்கு அவர் திரும்பியபோது மெர்லின் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றை எடுத்து வைத்தார். சாப்பிட்டு முடியும்போது, "அந்தம்மாவுக்குக் கால் வலிக்கலையாமா?" என்றார். இல்லை என்றார் இருதயராஜ்.

ஆடி இரண்டாவது வாரம், ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் மாற்றித் தரச் சொல்லி நெடுஞ்செழியன் வண்டியைத் திண்டிவனத்தில் கொண்டுவந்து விட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்கு வேலை இருந்ததால் சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போய்விட்டார். இரண்டு நாள் அந்தக் கார் இருதயராஜ் வீட்டு வாசலில் நின்றது. எதிர்வீட்டு முத்துசாமி, "கமுக்கமா வாங்கிட்ட, ஸ்வீட் எங்கப்பா" என்று கேட்டார். ரிப்பேருக்கு வந்த வண்டி என்று அவருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்குச் சொல்லவில்லை, சும்மா சிரித்தார். இதை மெர்லின்தான் என்னிடம் சொன்னார்.

இருதயராஜ் நான்கு கதவுகளின் உள்பலகைகளையும் கழற்றித் தார் ஷீட் ஒட்டினார். ஃபியூஸைப் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தார். ஸ்பீக்கர் ஒயர்களைக் கரண்ட் ஒயர் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தார். எல்லாம் மூடிய பிறகு வெளியே தெரியாத இடங்களில்கூட முடிச்சுகளை ஒரே இடைவெளியில் போட்டார். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடைசி வேலைக்கு வந்தார்.

அந்தக் கடைசி வேலையைச் சொல்ல வேண்டும். காரில் ஓட்டுகிறவர் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறார். வலது கதவு ஸ்பீக்கர் அவர் காலருகில், இடது கதவு ஸ்பீக்கர் எட்டத்தில். மேலே இருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களும் அப்படித்தான். அருகில் இருப்பதன் சத்தம் முதலில் வந்துவிடும். அதனால் பாட்டு முழுக்க வலது முழங்காலில் கிடக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் அவர் தலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து ஸ்டீரியோவில் எழுதினால், அருகில் உள்ளதை அது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி நிறுத்தி, பிறகு பாட விடும். நான்கு சத்தமும் ஒன்றாக வந்து சேரும். அப்போது குரல் எழுந்து டேஷ்போர்டுக்கு மேலே, நேர் எதிரில் வந்து நிற்கும். நான்கைந்து சென்டிமீட்டர் தவறினாலும் குரலின் ஓரம் கலங்கிவிடும். ஆகவே வண்டிக்காரரை உட்கார வைத்து, வழக்கமாக ஓட்டுவது போலச் சீட்டை நகர்த்தச் சொல்லி, அவர் மூக்கு நுனியிலிருந்து அளக்க வேண்டும். வண்டிக்காரர் இல்லாமல் அளக்கவே கூடாது என்று இருதயராஜ் குழுவில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு அவர் மெர்லினின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். மெர்லினைப் பக்கத்தில் உட்கார வைத்து டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். அளந்தார், எழுதினார். கதவுகளைச் சாத்தினார்கள். ஒரு பாட்டுப் போட்டார்.

"இது எனக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி கேக்குமா?" என்றார் மெர்லின்.

"இல்ல. ஓட்டறவனுக்குத்தான்."

"அப்ப எனக்கு?"

"சுமாரா கேக்கும்."

"கல்யாணம் ஆன நாளா அப்படித்தான் கேக்குது" என்றார் மெர்லின். ஆனாலும் இறங்கவில்லை. நான்கு பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தது முத்துசாமி வீட்டுச் சுவர்.

திங்கட்கிழமை காலை நெடுஞ்செழியன் வந்து வண்டியை எடுத்துப் போனார். வியாழக்கிழமை போன் செய்தார். குறை சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே பேசினார். சத்தம் சுத்தமாக இருக்கிறது, எங்கேயும் கிர் என்று இல்லை. "ஆனா ஒண்ணுண்ணா. பாட்டு எனக்குப் பாடுற மாதிரி இல்ல. எனக்குப் பின்னாடி வேற யாரோ உக்காந்துக்கினு இருக்கற மாதிரியும், அவருக்குப் பாடுற மாதிரியும் கீது. என் காதுதான் சரியில்லையா?"

உங்கள் காது சரியாகத்தான் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார் இருதயராஜ். போனை வைத்த பிறகு ஷெட்டில் ஒரு பஸ்ஸின் படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஆறடி. சீட்டைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளித்தான் உட்காருவார். நெடுஞ்செழியன் ஐந்தேகால் அடி. ஸ்டீயரிங்கை மார்பில் அணைத்தது போல உட்கார்ந்து ஓட்டுகிறவர். வண்டியில் எழுதியிருந்த நான்கு எண்ணும் இருதயராஜின் மூக்கிலிருந்து அளந்தவை. கைத்தவறுதலாக அளந்தார் என்று அவராலேயே சொல்லிக்கொள்ள முடியவில்லை. மெர்லினை டேப் பிடிக்கச் சொன்னபோதும் பாட்டுப் போட்டபோதும், இது யாருடைய வண்டி என்ற நினைப்பே வரவில்லை. இத்தனை வருஷத்தில் எண்பது, தொண்ணூறு கார்களுக்கு அளந்திருக்கிறார். ஒன்றில்கூட இப்படி நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காணையில் நெடுஞ்செழியன் வீட்டு எதிரில், வேப்பமர நிழலில் கார் நின்றது. புதிதாகப் போட்ட சீட் கவர்களின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர்கள் பிரிக்கவில்லை. இருதயராஜ் சீட்டைக் கடைசிப் பல்வரை பின்னால் தள்ளிவிட்டு நெடுஞ்செழியனை உட்கார வைத்தார். வழக்கம்போல சீட்டை நகர்த்தச் சொன்னார். அவர் நகர்த்திய தூரத்தைப் பார்த்தார். ஒரு சாணுக்கு மேல் இருந்தது.

நெடுஞ்செழியன் ஸ்டீரியோவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷமாகக் குழுவில் இருக்கிறவர். அளவுகளைப் படிக்கத் தெரியும்.

"இது யாரு அளவுண்ணா?"

"என்னுது. நீ இல்லாம அளந்தேன். தப்பு என்னுது."

நெடுஞ்செழியன் அந்த எண்களைத் திரும்பவும் பார்த்தார். பிறகு மெதுவாக, "வாத்தியாரு சொன்னாரே, ரெண்டு தரம் கேட்ட பார்ட்டின்னு" என்றார்.

"டேப்பை அந்தப் பக்கம் புடி" என்றார் இருதயராஜ்.

வலது கதவு, இடது கதவு, மேலே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளந்தார். மூன்றாவது அளவு ஒரு சென்டிமீட்டர் மாறி வந்தது. நெடுஞ்செழியன் தலையைத் திருப்பியிருந்தார். நேராகப் பார்க்கச் சொல்லித் திரும்ப அளந்தார். ஸ்டீரியோவில் அளவுகளைச் சேமிக்க மூன்று இடம் உண்டு. புது அளவை எழுதும்போது நெடுஞ்செழியன் அவர் கையைப் பிடித்தார்.

"பழச அழிக்காதீங்கண்ணா. ரெண்டாவதுல இருக்கட்டும். நீங்க வரும்போது ஓட்டுங்க."

"ஓட்டாதவன் அளவு வண்டில எதுக்கு? கை தவறி அமுக்கிட்டா உனக்குத்தான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு, பழைய நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். அழிப்பதற்கு முன் அவற்றைப் பார்த்தாரா என்று நெடுஞ்செழியனிடம் கேட்டேன். பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார் என்றார்.

பிறகு இறங்கிக்கொண்டு, கண்ணாடிகளை ஏற்றச் சொல்லி, கதவை வெளியிலிருந்து தானே சாத்தினார். அந்த ஒரே சத்தம் வந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்தது. வெளியே நின்றவருக்கு மரத்தில் தட்டுவது போல ஒரு தாளம் மட்டும் கேட்டது. நெடுஞ்செழியன் முதலில் திரையைப் பார்த்தார், பிறகு நேராகப் பார்த்தார், பிறகு ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் அசையவில்லை.

கலையரசி மோர் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார்.

"வேலை இன்னும் முடியலையா தம்பி?"

"முடிஞ்சிடுச்சும்மா. அவரு கேட்டுக்கினு இருக்காரு."

"நீ ஏன் வெளில நிக்கிற? உள்ள உக்காந்து நீயும் கேளேன்."

இருதயராஜ் டம்ளரை வாங்கிக்கொண்டார். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் போன வாரமே கேட்டுட்டேன்மா" என்றார்.